காசிலிங்கத்தின் பக்கக் குழாய்கள்

அக்டோபர் 7, திங்கள்

ஆய்வுக்கு இன்று ஓர் ஆள் கிடைத்தார். காசிலிங்கம், ஐம்பத்திரண்டு வயது. பைபாஸ் சாலை ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். மாவை வீசும்போது நெஞ்சு இறுக்குகிறது என்று வந்திருக்கிறார்.

ஆஞ்சியோவில் இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாய் முழுக்க அடைத்திருந்தது. படமெடுக்கச் செலுத்தும் மருந்து துளிகூட உள்ளே போகவில்லை. அந்தக் குழாய் அடைத்தால் ஆள் நின்ற இடத்தில் விழ வேண்டும். இவர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். வலது குழாயில் மருந்தைச் செலுத்தியதும் காரணம் தெரிந்தது. வலது குழாயிலிருந்து நூல் நூலாகப் பக்கக் குழாய்கள் கிளம்பி, இதயத்தைச் சுற்றிக்கொண்டு போய், அடைப்புக்கு அப்பால் உள்ள பகுதியைப் பின்னாலிருந்து நிரப்பின. உடம்பு தனக்குத் தானே போட்டுக்கொண்ட மாற்று வழி. படங்களில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நிறைவாக நேரில் பார்த்ததில்லை.

இந்தக் குழாய்கள் சிலருக்கு முளைக்கின்றன, சிலருக்கு முளைப்பதில்லை. ரத்தத்திலிருக்கும் ஒரு வளர்ச்சிப் புரதத்தை அளந்து, யாருக்கு முளைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் என் ஆய்வு. இப்போது ஒரு முறை ரத்தமும் ஆஞ்சியோவும். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை. நடுவில் ஆபரேஷனோ ஸ்டென்ட்டோ நடந்துவிட்டால் அந்த ஆள் ஆய்விலிருந்து விலக்கப்படுவார்.

வலது குழாயின் நடுவிலும் ஒரு சுருக்கம் இருக்கிறது. பேராசிரியர் ஜெயசிங் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எழுபது பர்சென்ட் இருக்கும் போலிருக்கே, வானதி" என்றார். எழுபது என்றால் நேரே ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டும். "எனக்கு அறுபதுன்னு படுது சார்" என்றேன். அவருக்கு ஒரு கூட்டத்துக்கு நேரமாகியிருந்தது. அறுபது என்றே குறித்தேன்.

அக்டோபர் 9, புதன்

காசிலிங்கத்தையும் அவர் மனைவி வீராயியையும் உட்கார வைத்து விளக்கினேன். ஆபரேஷன் ஒரு வழி, மாத்திரை ஒரு வழி, எதுவானாலும் அவர்கள் விருப்பம் என்றேன். பைபாஸ் என்று சொன்னதும் அவர் சிரித்தார்.

"நான் பைபாஸ்லதான டாக்டரம்மா இருவது வருசமா நிக்கிறேன்."

பிறகு சிரிப்பு போய்விட்டது. "நெஞ்சப் பொளந்துட்டா அப்புறம் கை வீச முடியுமா?"

சில மாதம் கனமான வேலை கூடாது என்றேன். அது உண்மைதான்.

"அப்ப மாத்திரையே குடுங்க. கைய வச்சுத்தான் எங்க பொழப்பே."

வலது கை தோள்வரை நெருப்புப் பட்ட தழும்புகள். ரத்தம் எடுக்கும்போது நரம்பு தேட வேண்டியிருக்கவில்லை. கயிறு மாதிரி இருந்தது.

விடுதியில் தண்ணீர் வரவில்லை. இரண்டு நாள் துணி சேர்ந்துவிட்டது.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளிக்குத் தேனி போய்வந்தேன். மகள் மிதுனா முதல் நாள் என்னிடம் வரவில்லை. மாமியாரின் முந்தானைக்குள் நின்றுகொண்டு பார்த்தாள். இரண்டாம் நாள் வந்தாள். மூன்றாம் நாள் நான் பஸ் ஏற வேண்டியிருந்தது.

வந்ததும் ஆய்வகத்திலிருந்து முடிவுகள். இதுவரை சேர்ந்த எல்லோரையும்விடக் காசிலிங்கத்துக்குத்தான் புரதம் அதிகம். அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவரைப் போல இரண்டு மடங்கு. பேராசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இந்த ஆள விட்றாதீங்க. இவர் ஒருத்தருக்காகவே ஜர்னல்காரன் உங்க பேப்பர எடுத்துக்குவான்."

டிசம்பர் 3, செவ்வாய்

ஆய்விலிருந்த இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள். எவ்வளவு பொறுமையாக விளக்கியிருந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

காசிலிங்கம் மாத்திரை வாங்க வந்தார். வீராயி ஒரு தூக்குவாளி நிறையப் பரோட்டாவும் சால்னாவும் கொண்டுவந்திருந்தார். நர்ஸ் எமிமாளும் நானும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். காசிலிங்கம் எண்ணெயே இல்லாமல் தனக்கு மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறாராம், ருசிக்கவில்லையாம்.

அவருடைய ஆஞ்சியோ படத்தைக் கணினியில் காட்டினேன். தன் இதயத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெயின் ரோட்ட அடைச்சுட்டா பஸ்ஸெல்லாம் சந்துக்குள்ள பூந்து வரும்ல, அது மாதிரியா?"

"அதேதான்."

"சந்து தாங்குமாம்மா?"

"உங்க சந்து நல்ல அகலம்" என்றேன். அவர் முகத்தில் வந்த பெருமையை மறக்க முடியாது. ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்லியிருப்பார்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. நோயாளிகளில் எல்லோரையும் அப்படிச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 19, புதன்

ஜூனில் எங்கள் துறையில் உதவிப் பேராசிரியர் இடம் ஒன்று காலியாகிறது. அதற்குள் ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டிருந்தால் எனக்காகப் பேச முடியும் என்றார் பேராசிரியர். இல்லாவிட்டால் வெளியே தேட வேண்டும். கணவர் பார்த்திபனிடம் போனில் சொன்னேன். "கெடைச்சா மிதுனாவ அங்க கூட்டிட்டுப் போயிரலாம். கெடைக்கலைன்னா நீ இங்க வந்துரு. இனிமே இழுத்துக்கிட்டே போக முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

காசிலிங்கம் வந்தார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலிக்கிறதாம். குளிக்கும்போது சொம்பைத் தூக்க முடியவில்லையாம். வார்டில் சேர்த்தேன். ஈசிஜியில் புதிதாக எதுவும் இல்லை. ட்ரோபோனின் பார்த்தேன், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசிகிற பொருள் அது. இயல்பான அளவுக்கு மேலே போயிருந்தது. கொஞ்சம்தான். எல்லைக்கோட்டில் என்று சொல்லலாம்.

ஏப்ரல் ஏழாம் தேதி அவருக்கு இரண்டாவது ஆஞ்சியோ. நான்கு வாரம்தான் இருக்கிறது.

அறுவை சிகிச்சை நிபுணர் கணபதிசுந்தரம் ரவுண்ட்ஸ் வந்தபோது காசிலிங்கத்தின் படுக்கை அருகே நின்றார். "வியாழக்கிழமை எனக்கு ஒரு இடம் காலியாயிருக்கு. இவர அனுப்பிருங்களேன்."

"அவருக்கு ஆபரேஷன்ல விருப்பமில்ல சார்."

"திரும்ப ஒருதரம் கேட்டுப் பாருங்க."

கேட்கிறேன் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

வீராயி என் அறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவரே சரின்னுட்டாருங்கம்மா. ராத்திரி முழுக்கப் பேசி ஒத்துக்க வச்சேன். கை போனா போகுது, ஆளு இருந்தா போதும்னு சொன்னேன். ஆபரேசன் பண்ணிருங்க."

வீராயியை அழைத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். எமிமாள் காசிலிங்கத்துக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆபரேசனுக்குச் சரிம்மா" என்றார் அவர். நான் நிதானமாக விளக்கினேன். ஆபரேஷன் என்றால் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் மேசையிலேயே போய்விடுவதுண்டு. அவருக்குக் கடவுள் புண்ணியத்தில் தானாகவே குழாய்கள் முளைத்திருக்கின்றன, இன்னும் முளைத்துக்கொண்டிருக்கலாம். நன்றாக வேலை செய்கிற வீட்டை இடித்துக் கட்டுவானேன். அடுத்த மாதம் ஒரு படம் எடுத்துப் பார்ப்போம். அதுவரை மாத்திரையைக் கூட்டித் தருகிறேன்.

சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புத்தகத்தில் இருப்பதுதான்.

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி" என்றார் காசிலிங்கம். அவருக்கு உள்ளூர நிம்மதி என்று தெரிந்தது. வீராயிதான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க வீட்டு ஆளா இருந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"இதேதான் பண்ணுவேன்."



மார்ச் 12, புதன்

கணபதிசுந்தரம் சாரிடம் சொல்லிவிட்டேன், நோயாளிக்கு விருப்பமில்லை என்று. அந்த இடம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போயிற்று. நல்லது. அவருக்குப் பக்கக் குழாய் ஒன்றுமே இல்லை.

எமிமாள் மருந்து அலமாரி அருகே வந்து மெதுவாகச் சொன்னாள். "அவரு சரின்னாரே டாக்டர். நான் அங்கதான இருந்தேன்."

"பிறகு அவரே வேண்டாம்னுட்டார். நீ கேட்கலையா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எமிமாள் நல்ல நர்ஸ். கொஞ்சம் அதிகம் பேசுவாள்.

மார்ச் 14, வெள்ளி

காசிலிங்கத்தை வீட்டுக்கு அனுப்பினேன். வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

மார்ச் 17, திங்கள்

காய்ச்சல் வார்டில் ஆள் பற்றவில்லை என்று மேட்ரன் கேட்டுக்கொண்டே இருந்தார். எமிமாளின் பெயரைச் சொன்னேன். அவளுக்கும் அது ஒரு அனுபவம்.

மிதுனாவுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. டாக்டராக வேஷம் போட்டிருக்கிறாள். பார்த்திபன் படம் அனுப்பினார். ஸ்டெதஸ்கோப்பைத் தலைகீழாக மாட்டியிருக்கிறாள். வார்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நினைவூட்டக் காசிலிங்கத்துக்குப் போன் செய்தேன். குரல் இறங்கியிருந்தது.

"மல்லாக்கப் படுக்க முடியலம்மா. தலகாணி ரெண்டு வச்சு சாஞ்சுதான் கெடக்கேன். இன்னிக்கே வந்துரவா?"

ஆஞ்சியோ அறை திங்கட்கிழமைதான் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இன்று வந்தால் அவசரப் பிரிவில் வேறு யாராவது பார்ப்பார்கள். பார்த்தால் என்ன செய்வார்கள் என்று தெரியும்.

"திங்கட்கிழமை வந்துருங்க. நடுவுல மூணு நாள்தான். உப்பு குறைச்சுக்குங்க."

"சரிம்மா" என்றார். போனை வைப்பதற்கு முன் "சாப்ட்டீங்களா" என்று கேட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கால் வீங்கியிருந்தது. முதலில் ரத்தம் எடுத்தேன். பிறகு மேசையில் ஏற்றினோம். படுக்க முடியாமல் திணறினார்; தலைப்பக்கம் உயர்த்திக் கொடுத்து முடித்தோம்.

பக்கக் குழாய்கள் வளர்ந்திருக்கின்றன. ஆறு மாதத்துக்கு முன் நூலாக இருந்தவை இன்று தெளிவான கொடிகள். முன்பு இல்லாத இடத்தில் இரண்டு புதிதாக வந்திருக்கின்றன. என் கணிப்பு அப்படியே பலித்திருக்கிறது. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து மூன்று முறை பார்த்தேன். பேராசிரியர் என் தோளைத் தட்டினார். இரண்டு ஆண்டுகளில் முதல் முறை.

வலது குழாயின் சுருக்கம் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அத்தனை பக்கக் குழாய்களுக்கும் ரத்தம் அதிலிருந்துதான் போகிறது. இப்போது ஆபரேஷன் அவசரம். நானே ஓடிப்போய்க் கணபதிசுந்தரம் சாரைப் பார்த்தேன்.

அவர் படத்தை இரண்டு முறை ஓடவிட்டார். "இதயம் பாதி வேலைதான் செய்யுது. நுரையீரல்ல தண்ணி. மொதல்ல அத வடிக்கணும். வெள்ளிக்கிழமை பாக்கலாம்." பிறகு, "போன மாசம் குடுத்தேனே" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துச் சொன்னார்.

காசிலிங்கத்திடம் நானே போய்ச் சொன்னேன். "புதுசா ரெண்டு குழாய் முளைச்சிருக்கு உங்களுக்கு."

"அப்பறம் ஏம்மா மூச்சு முட்டுது?" என்றார்.

ஏப்ரல் 9, புதன்

விடியற்காலையில் காசிலிங்கம் இறந்துவிட்டார்.

வலது குழாய் அடைத்திருக்க வேண்டும். அது நின்றதும் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றிருக்கும். வெகுநேரம் நெஞ்சை அழுத்தினோம். நானும் அழுத்தினேன். ஒரு விலா எலும்பு உடைவது உள்ளங்கையில் தெரிந்தது.

வீராயி அழவில்லை. கணவரின் வலது கையைப் பிடித்து, அந்தத் தழும்புகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார், ஏதோ உறைந்துபோன கையைச் சூடேற்றுவது மாதிரி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "கடைசி வரைக்கும் நீங்கதாம்மா கூட நின்னீங்க" என்றார்.

அறைக்கு வந்து ஊறவைத்த துணிகளைத் துவைத்தேன். கை வலிக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

இரண்டாவது ரத்தமும் ஆஞ்சியோவும் முடிந்த பிறகுதான் மரணம். ஆகவே அவர் ஆய்வில் சேர்த்திதான். பேராசிரியரும் அதை உறுதிப்படுத்தினார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மரணங்களைப் பற்றிய மாதாந்திரக் கூட்டம். காசிலிங்கம் மூன்றாவதாக வந்தார். மார்ச்சிலேயே ஏன் ஆபரேஷன் செய்யவில்லை என்று மருத்துவத் துறைத் தலைவர் கேட்டார்.

"நோயாளிக்கு விருப்பமில்ல சார்."

கணபதிசுந்தரம் சார் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "எங்கிட்டயும் அன்னைக்கு அப்படித்தான் சொன்னாங்க" என்றார். நான் நன்றி சொல்வது மாதிரி பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த பெயரை வாசித்தார்கள்.

வெளியே வரும்போது காய்ச்சல் வார்டு வாசலில் எமிமாள் சலைன் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வணக்கம் வைத்தாள். எண்ணுவதை நிறுத்தவில்லை.

மே 24, சனி

மாநாடு. என் அமர்வுக்கு அரங்கு நிறைந்திருந்தது. இரண்டு படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியபோது முன்வரிசையில் ஒருவர் எழுந்து போனில் படமெடுத்தார். மெயின் ரோட்டை அடைத்தால் பஸ்ஸெல்லாம் சந்துக்குள் புகுந்து வரும் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு எளிமையாகச் சொல்கிறீர்கள் என்று பலர் வந்து பாராட்டினார்கள்.

அந்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு மாணவி கேட்டாள். அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது என்றேன்.

முதல் பரிசு.

ஜூன் 16, திங்கள்

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. வேலையும் கிடைத்துவிட்டது. பார்த்திபன் லாரி பேசுகிறார். மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்திருக்கிறேன். மிதுனாவின் பள்ளி நடக்கிற தூரம். சமையலறையில் வெளிச்சம் போதாது. மற்றபடி நல்ல வீடு.

சில நாட்களாகத் தூக்கத்தில் உள்ளங்கை மரத்துப்போகிறது. மணிக்கட்டு நரம்பாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

மதியம் புறநோயாளிகள் முடிந்து எழுந்துகொள்ளும்போது கதவருகே வீராயி நின்றிருந்தார்.  எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியவில்லை. எமிமாள் ஏதாவது பேசியிருப்பாளோ என்று நினைத்தேன்.

அவருக்குப் பின்னால் ஓர் ஆள். காசிலிங்கத்தின் தம்பி பூமிநாதன், நாற்பத்தாறு வயது. அண்ணன் போன பிறகு அதே ஓட்டலில் அடுப்படியில் நிற்கிறார். இரண்டு வாரமாக மாவை அடிக்கும்போது நெஞ்சு இறுக்குகிறதாம். வேறிடத்தில் ஆஞ்சியோ எடுத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

குறுந்தட்டைப் போட்டேன். அதே முன்பக்கக் குழாய், முழு அடைப்பு. வலது பக்கத்திலிருந்து பக்கக் குழாய்கள் கிளம்பி வருகின்றன. அண்ணனைவிட இளம் வயதிலேயே. ஒரே ரத்தத்தில் பிறந்த இருவருக்கு ஒரே மாதிரி. இப்படி ஒரு ஜோடியை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

பூமிநாதன் சுற்றி வளைக்காமல் பேசினார். "எனக்கு ஆபரேசனே பண்ணிருங்க டாக்டர். அண்ணன் மாதிரி இழுத்துக்கிட்டுக் கெடக்க முடியாது. புள்ளைக சின்னதுக."

வீராயி அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சும்மா இருங்க கொழுந்தனாரே. ஒங்கண்ணனுக்கு நெஞ்சப் பொளக்காம ஆறு மாசம் வச்சுப் பாத்தவுக. அவரு விதி, போய்ட்டாரு. அதுக்கு இவுக என்ன செய்வாக. அம்மா என்ன சொல்றாகளோ அதக் கேளுங்க." பிறகு என்னிடம் திரும்பி, "இவர வேற எங்கயும் காட்ட எனக்கு மனசு வரலம்மா. ஒங்கள நம்பித்தான் கூட்டியாந்தேன்" என்றார்.

கணபதிசுந்தரம் சாரின் அறை மாடியில்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அனுப்பியிருந்தால் இன்றைக்கே பார்த்திருப்பார்.

பூமிநாதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் அண்ணனுடையவை அல்ல. கொஞ்சம் சந்தேகப்படுகிற கண்கள்.

"அவசரப்பட வேண்டாம்" என்றேன். "முதல்ல ஒரு ரத்தம் எடுத்துப் பார்ப்போம்."

"கேட்டீகள்ல" என்றார் வீராயி அவரிடம். பூமிநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறேன்.